கற்பூரமும் கரியும் வாழைமட்டையும்

கேள்வி இது: "பெரம்பூரில் இருக்கிறோம். இரண்டு மகன்கள். பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. பெரியவன் தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறான். கணக்கில் 50ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. சின்னவன் ஒரு தடவை புரட்டுகிறான், 95 வாங்கிவிடுகிறான். வகுப்பில் பெரியவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்று ஆசிரியரும் குறை சொல்கிறார். 'அவனவன் தலையில் எழுதியதுதான் வரும், விடு' என்கிறார் என் மாமியார். 'உழைத்தால் வராதது எதுவும் இல்லை' என்கிறார் கணவர். அறிவு பிறவியிலேயே வருவதா, உழைப்பால் வருவதா?"

அம்மா, நான் வடசென்னையில் 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு குழந்தையின் முகம் இருந்தது. 'இவனுக்காக இன்னும் மெனக்கெடலாமா, இத்தோடு விட்டுவிடலாமா' என்ற தவிப்பு இருந்தது. அதனால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேர் பதில். ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வேகம் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது; அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது. இதை மறுப்பது பொய். அதே சமயம், எட்டாம் வகுப்புக் கணக்கில் ஒரு பையன் 50இல் நிற்கிறானா 90ஐத் தொடுகிறானா என்பதை அந்த வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. உழைப்பு மட்டும் முடிவு செய்வதும் இல்லை. உங்கள் மாமியாரும் கணவரும் விட்டுவிட்ட மூன்றாவது சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது? வயிற்றுக்குச் சோறு, போதுமான தூக்கம், நல்ல கண்பார்வை, புரியும்படி சொல்லித்தர ஓர் ஆள், தப்பாகச் சொன்னால் திட்டு விழாது என்ற தைரியம். நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகளின் கதை இந்த மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது.

பழைய வாத்தியார்கள் மாணவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். கற்பூர புத்தி, பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். கரி புத்தி, ஊத ஊதத்தான் கனியும். கனிந்துவிட்டால் நெடுநேரம் நிற்கும். வாழைமட்டை புத்தி, எவ்வளவு ஊதினாலும் பற்றாது. முதல் இரண்டு வகைப் பிள்ளைகளையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வகை என்று ஒரு பிள்ளையை ஒதுக்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. வாழைமட்டை பற்றாததற்குக் காரணம் அதிலிருக்கும் ஈரம். காய்ந்த மட்டை எப்படி எரியும் என்று, கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு மூட்டிய எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். பிள்ளையிடம் ஈரம் எங்கிருந்து ஏறியது என்று தேடுவதுதான் ஆசிரியரின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது பிறவியின் பக்கம் நின்று பேசுகிறேன். அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் சிலர், குழந்தைப் பருவத்திலேயே வெவ்வேறு வீடுகளுக்குத் தத்துப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பௌச்சார்ட் என்ற உளவியலாளர் 1979 முதல் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார். 1990இல் அவர் குழு வெளியிட்ட முடிவின்படி, ஐக்யூ, அதாவது அறிவுத்திறனை அளக்கும் சோதனை மதிப்பெண்களில் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது. மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் 50 சதவீதத்தை ஒட்டிச் சொல்கின்றன. வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. வயது ஏற ஏற மரபின் பங்கு கூடுகிறது. சிறு குழந்தைகளிடம் 20 சதவீத அளவில் இருப்பது பெரியவர்களிடம் 60 சதவீதத்தைத் தொடுகிறது. வளர்ந்தவன் தன் நண்பர்களையும் புத்தகங்களையும் வேலையையும் தன் இயல்புக்கு ஏற்பத் தானே தேர்ந்துகொள்கிறான் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த 50, 70 என்ற எண்களைக் கேட்டதும் 'அப்படியானால் பாதிக்குமேல் தலையெழுத்துதான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கு ஆசிரியையாக இதை என்னால் சும்மா விட முடியாது. அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. உங்கள் மகனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஒரே ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கும். மற்ற எல்லாமே சமமாகிவிட்டதால், அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் கணக்கு மரபணுவின் தலையில் எழுதும். அதே வகுப்பில் 20 பேரைப் பட்டினி போடுங்கள். மரபணு அப்படியே இருக்கிறது; ஆனால் மரபின் பங்கு சரிந்துவிடும், ஏனென்றால் வேறுபாட்டுக்குப் பசி என்ற புதுக் காரணம் வந்துவிட்டது. எரிக் டர்க்ஹைமர் என்பவர் 2003இல் அமெரிக்கக் குழந்தைகளிடம் கண்டது ஏறக்குறைய இதுதான். வசதியான வீடுகளில் வளர்ந்த இரட்டையரிடம் மரபின் பங்கு மிக அதிகமாக இருந்தது. ஏழை வீடுகளில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை. அங்கே ஏழைக் குழந்தைக்கும் மருத்துவமும் பள்ளியும் ஓரளவு உறுதியாகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

பரம்பரையாக வருவது என்றால் மாற்ற முடியாதது என்று பொருளில்லை. கிட்டப்பார்வை பரம்பரையாக வருகிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கண்ணாடி என்றால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் கண் டாக்டரிடம் போய் அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்துகொண்டு வந்துவிடுகிறோம். 'பிறவிக் குறை, விதி' என்று யாரும் பிள்ளையை மங்கலாகப் பார்த்துக்கொண்டே வாழ விடுவதில்லை.

ஐக்யூ சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை, யாராவது உங்கள் பிள்ளைக்கு அதைச் செய்யச் சொல்லலாம் என்பதால். 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே இந்தச் சோதனையை உருவாக்கியதே, எந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு இவ்வளவுதான் என்று முத்திரை குத்துவதை அவரே கடுமையாக எதிர்த்தார். அதே சோதனையை அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தி அமைத்த லூயிஸ் டெர்மன், 1921இல் மேதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டார். சோதிக்கப்பட்டும் மதிப்பெண் போதாது என்று விடப்பட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இருவர் இருந்தார்கள். இருவருமே பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

மூன்றாவது சங்கதிக்கு வருகிறேன். நியூசிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1980களில் ஒரு செய்தியைக் கவனித்தார். பல நாடுகளில், ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சராசரி ஐக்யூ ஏறத்தாழ 3 புள்ளிகள் உயர்ந்துகொண்டே வந்திருந்தது. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியவை சாப்பாடு, தடுப்பூசி, பள்ளிக்கூடம், வீட்டில் பேசும் பேச்சு. உயரத்திலும் இப்படித்தான் நடந்தது. உயரத்தின் அளவுக்குப் பரம்பரையாக வரும் வேறு இயல்புகள் குறைவு; மரபின் பங்கு 80 சதவீதம் என்பார்கள். இருந்தும் தென்கொரியப் பெண்கள் ஒரே நூற்றாண்டில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று போட்டிருக்கிறதே, அதற்கும் காரணம் இதுதான். மண்ணில் அயோடின் குறைந்த பகுதிகளில் பிறக்கும் குழந்தைகளின் ஐக்யூ மற்றவர்களைவிடச் சராசரியாக 12 புள்ளிகளுக்கு மேல் குறைகிறது. ஒரு சிட்டிகை உப்பில் சேரும் பொருளுக்கு அத்தனை வலு. பள்ளியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐக்யூவை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான கட்டுரை ஒன்று காட்டுகிறது.

நம் ஊர் இந்தப் பாடத்தை நூறாண்டுக்கு முன்பே கற்றது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை இரண்டாவது பாடவேளையில் கண் செருகும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நினைத்தேன். அவர்கள் கடைசியாகச் சாப்பிட்டது முந்தின நாள் மதியம் பள்ளியில்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. இந்தியா முழுவதும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. ஓராண்டுக்கும் குறைவாக மதிய உணவு கிடைத்தவர்களைவிட, ஐந்தாண்டு வரை கிடைத்தவர்கள் வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் அதிகம் பெற்றார்கள்.

'பிறவி அறிவு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஏன் கொதிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1953இல் இதே மாகாணத்தில், பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. துவைப்பவர் பிள்ளை துவைப்பதையும் செருப்புத் தைப்பவர் பிள்ளை தைப்பதையும் பழக வேண்டியதாகும் என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அன்று அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் யார் யார் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கும் சாதியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்போம். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயர்கல்விக்குப் போகும் வயதிலுள்ளோரில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4. கல்லூரிக்குப் போவதும் அறிவும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த 47 சதவீதத்துக்குள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் 'ராமானுஜனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று கட்டாயம் ஒருவர் எழுந்து கேட்பார். நல்ல கேள்வி. ராமானுஜனிடம் இருந்த ஒன்று பயிற்சியால் மட்டும் வந்துவிடாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கும்பகோணத்தில் அதே பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யாரும் ராமானுஜன் ஆகவில்லை. ஆனால் மீதிக் கதையையும் பாருங்கள். 1903 வாக்கில் சுமார் 5,000 கணித முடிவுகளைத் தொகுத்த ஆங்கில நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் பெரும்பாலான முடிவுகளுக்கு முழு நிரூபணம் இல்லை. அவற்றைத் தாமாகவே நிறுவ உட்கார்ந்தார். தாளுக்குக் காசில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் அந்த நோட்டுகளில் 3,000க்கு மேற்பட்ட முடிவுகள் சேர்ந்தன. பிறவி மேதை என்று நாம் கையெடுத்துக் கும்பிடும் மனிதர், நமக்குத் தெரிந்தவர்களிலேயே மிக அதிகமாக உழைத்தவர்களில் ஒருவர்.

அதே பத்தாண்டில் அவர் கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் அவரைக் கைவிட்டன. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே இருந்த நாராயண ஐயர் அவர் கணக்குகளைப் புரிந்துகொண்டு துணை நின்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முன்னால் அங்கிருந்த வேறு இரண்டு கணிதவியலாளர்களுக்கும் எழுதிப் பார்த்துப் பலனில்லை. பின்னாளில் ஹார்டி, ராமானுஜன் 32 வயதில் இறந்ததைவிட, வழிகாட்ட ஆளில்லாமல் வீணான அந்த ஐந்து ஆண்டுகளையே பெரிய சோகமாகக் கருதினார். அப்பேர்ப்பட்ட கற்பூரத்துக்கும் மழையில் நனையாமல் ஒரு கை குடை பிடிக்க வேண்டியிருந்தது.

உங்கள் கணவர் பக்கம் வருகிறேன். 'பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் எதிலும் வல்லவர் ஆகலாம்' என்ற பேச்சு இப்போது எல்லாப் பயிற்சி மையங்களின் சுவரிலும் இருக்கிறது. அது 1993இல் பெர்லின் இசை மாணவர்களை வைத்து ஆண்டர்ஸ் எரிக்சன் குழு செய்த ஆய்விலிருந்து திரித்து எடுத்தது. மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் தனியாகப் பயின்றிருந்தார்கள் என்பதே அவர்கள் கண்டது. அத்தனை மணி நேரம் போட்டால் எவருக்கும் கட்டாயம் வந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. அர்ஜென்டினாச் சதுரங்க ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, மாஸ்டர் நிலையை அடைய ஒருவருக்கு 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆட்டங்களில் காணும் திறமை வேறுபாட்டில் பயிற்சி 26 சதவீதத்தையும் இசையில் 21 சதவீதத்தையும் விளக்கியது. கல்வியில் 4 சதவீதம்தான்.

சதுரங்கம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. ஆட்டம் முதலில் அக்காவுக்கு. அவர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டவர் தம்பி. தம்பி 2018இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்காவுக்கு அதே பட்டத்துக்கான தகுதி 2023 டிசம்பரில், 22 வயதில் கிடைத்தது. வேகத்தில் வேறுபாடு உண்டு என்பதற்கு இதைவிட நேரான காட்சி வேண்டாம். ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் யாராவது வைஷாலியிடம் 'உனக்கு இவ்வளவுதான்' என்று சொல்லி, அவரும் அதை நம்பியிருந்தால்? உலகிலேயே அண்ணன்-தங்கையோ அக்கா-தம்பியோ இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது இந்த வீட்டில்தான் முதல்முறை. 2023இலும் 2025இலும் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை வென்றவர் அந்த அக்கா.

இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மிக அதிகம் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். முப்பது பேருக்கு மேல். நம் ரத்தத்தில் சதுரங்க மரபணு ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். பின்பு சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் சதுரங்கக் கழகம் நடந்தது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே போய்ப் பெரியவர்களோடு ஆடினார். பலகையும் கடிகாரமும் புத்தகமும், தோற்கடிக்க வலுவான எதிராளிகளும் ஒரே அறையில் கிடைத்தன. 1988இல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்புகள் முளைத்தன. 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியனாக நின்றதற்குப் பின்னால் அத்தனை அறைகளின் நீளமான வரிசை இருக்கிறது.

இனி நானே பார்த்த ஒன்று.

ஏழாம் வகுப்பு. காசிமேட்டிலிருந்து வரும் பையன். விடியற்காலையில் அம்மாவோடு துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு வருவான். கடைசி பெஞ்ச். 'இவன் மண்டையில் ஏறாது' என்று எனக்கு முன்னால் அவனுக்குப் பாடம் எடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் நானும் அதை நம்பினேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒருநாள் கரும்பலகையில் 3/4 + 1/2 என்று எழுதி அவனைக் கூப்பிட்டேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 4/6 என்று எழுதினான். வகுப்பு சிரித்தது. என்ன தோன்றியதோ, கேட்டேன்: "உன் அம்மா ஒருவருக்கு முக்கால் கிலோ சங்கரா நிறுத்துப் போட்டு, இன்னும் அரைக் கிலோ சேர்த்துப் போட்டால் மொத்தம் எவ்வளவு?"

"ஒன்றேகால், டீச்சர்." நான் கேட்டு முடிக்கும் முன்னால் சொன்னான்.

"கிலோ 320 ரூபாய் என்றால்?"

"நானூறு."

வகுப்பில் வேறு யாரும் அதற்குள் கணக்கைத் தொடங்கக்கூட இல்லை. "பலகையில் ஆறில் நான்கு என்று எழுதியிருக்கிறாயே, அது ஒரு கிலோவுக்கு மேலா, கீழா?" என்றேன். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். சாக்பீஸ் பட்ட விரலால் அந்த 3/4ஐத் தொட்டான். பிறகு திரும்பி, மெதுவாகக் கேட்டான்: "இந்த முக்கால்தான் அந்த முக்காலா, டீச்சர்?"

ஏழாண்டுப் பள்ளிப் படிப்பில் யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. அவன் வாயில் இருந்த முக்காலும் பலகையில் இருந்த மூன்றின் கீழ் நான்கும் இரண்டு வேறு உலகங்களில் இருந்தன. அன்றிலிருந்து பின்னங்களை முதலில் கால், அரை, முக்கால், அரைக்கால் என்று தமிழ்ச் சொல்லாலேயே எழுதிக் கூட்டவைத்தேன். பிறகே எண்ணுக்கு மாறினோம். அடுத்த தேர்வில் அவன் 41 வாங்கினான். நூற்றுக்கு நூறெல்லாம் வாங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வாங்கியது 9.

இதை ஏதோ ஒரு பையனின் தனிக்கதை என்று நினைக்காதீர்கள். 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை ஆராய்ந்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாக வந்தது. 2025இல், கொல்கத்தா, டெல்லி சந்தைச் சிறுவர்களிடமும் இதே பிளவைக் கண்டிருக்கிறார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு நேர் எதிர். தாளில் போட்டுவிடுகிறார்கள், கடைக்கணக்கில் தடுமாறுகிறார்கள். இவர்களில் யாருக்குப் பிறவி அறிவு அதிகம் என்று எதை வைத்துச் சொல்வது?

உங்கள் பிள்ளைகளைப் பற்றி இரண்டு செய்திகள் எனக்குத் தோன்றுகின்றன. சின்னவனிடம் கற்பூரம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரியவனுக்கு நீங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோது சின்னவன் எங்கே இருந்தான்? பக்கத்தில் பாயில் கிடந்து விளையாடிக்கொண்டிருந்திருப்பான். அண்ணன் பட்ட பாடு முழுவதும் தம்பி காதில் விழுந்திருக்கிறது. அவன் 'ஒரு தடவை புரட்டுவது' உண்மையில் மூன்றாவது, நான்காவது தடவை. வீட்டுக்கு இளைய பிள்ளைகள் பலர் இப்படித்தான் 'தானாக' கற்றுக்கொள்கிறார்கள்.

பெரியவனின் நான்கு மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தீர்த்த கணக்கையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தால், உழைப்பு இருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில் விழுகிறது. அமெரிக்காவில் 2006இல் செய்த சோதனை ஒன்றில், ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். படித்து ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, நான்கு தடவை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் இரவில் 'எல்லாம் வந்துவிட்டது' என்று படுப்பவன் தேர்வில் விழிக்கிறான். அவன் நோட்டை மூடச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அதுதான் அவன் படிக்க வேண்டிய இடம். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுக்கி விழும் பிள்ளைகளில் பலருக்குக் குழி ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் இருக்கும். வெட்கப்படாமல் அங்கே திரும்பிப் போய், ஒன்றரை மணி நேரம் அதில் செலவிடட்டும். மீதி இரண்டரை மணி நேரம் விளையாடவோ தூங்கவோ போகட்டும்.

'தம்பியைப் பார்' என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வர வேண்டாம். சின்னவனை 'புத்திசாலி' என்று பாராட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், அந்தப் பெயர் போய்விடுமோ என்று பயந்து கடினமான கணக்கைத் தொடுவதையே தவிர்த்தார்கள் என்று கரோல் டுவெக் 1998இல் காட்டினார். பாராட்டும் முறையை மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் பெரிதாகப் பேசுவதை நான் நம்பவில்லை. பிற்காலப் பெரிய ஆய்வுகளில் பலன் சிறிதாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் காசில்லாமல் செய்யக்கூடியது, செய்து பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வருகிற சனிக்கிழமை பெரியவனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.